பதினேழாம் நம்பர் குதிகால்

இரும்புலியூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

உன் அப்பாவின் தம்பியும் உன் ஆராய்ச்சியின் பதினேழாம் நம்பர் நோயாளியுமான தயாளன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும், என் இடது குதிகால் நீங்கலாக, சௌக்கியம். கோயம்புத்தூரில் உன் உடம்பும் ஹாஸ்டல் சாப்பாடும் எப்படி என்று எழுதவும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "வலி எப்படி இருக்கு சித்தப்பா" என்று கேட்டதும் என் வாய் தானாக "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிடுகிறது. அந்தப் பரவாயில்லைதான் இப்போது பெரிய வினையாகிவிட்டது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு ஓடி நான் குதிகால் நரம்பை இழுத்துக்கொண்டபோது, அது நரம்பு இல்லை, தசைநார் என்று நீ திருத்தினாய். "ஒவ்வொருத்தர் வலியையும் அளந்து, அவங்கவங்களுக்கு ஏத்த பயிற்சி குடுக்கறதுதான் சித்தப்பா என் ஆராய்ச்சி. வாரா வாரம் ஒரு நம்பர் சொன்னா போதும். சைபர்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல" என்றாய். நான் அதை உனக்குப் போடுகிற மார்க் என்று எடுத்துக்கொண்டேன். மற்ற முப்பத்தொன்பது பேர் யாரோ எவரோ. சொந்தச் சித்தப்பாவே வலி குறையவில்லை என்றால் உன் கைடு சத்தியநாதன் சார் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்? அதனால் முதல் வாரம் ஐந்து என்றேன், அடுத்து நான்கு, மூன்று, அப்புறம் நிரந்தரமாக இரண்டு. ஃபாரம் உன் சித்தி செல்லுக்குத்தான் வருகிறது, என்னுடையது பட்டன் போன். நான் சொல்ல அவள் அழுத்துவாள். அந்த நாட்களில் காலையில் முதல் பத்து அடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

நீ படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கச் சொன்னாய் அல்லவா, மாடிப்படியில் நின்று செய்தேன். என் தலை மதில்சுவருக்கு மேலே வருவதும் மறைவதுமாக இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஜீவானந்தம் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து, "இன்னா சார், வூட்ல பொம்பளைங்க கீறாங்க, நீங்க பாட்டுக்கு எட்டி எட்டிப் பாத்துகினு கீறீங்க" என்றார். ஆராய்ச்சி என்றேன். "அதான் சார் நல்லா தெரியுது" என்றார். மறு பக்கம் திரும்பி நின்று செய்தேன். அது அவருடைய மாமியார் வீடு. ஆறாவது வாரம் முதுகில் பத்து கிலோ சுமந்து செய்யச் சொன்னாய். வீட்டில் இருந்தது அரிசிப் பைதான். அதைக் கட்டிக்கொண்டு படியில் நின்றதைப் பார்த்த ஜீவானந்தம், சித்தி என்னைத் துரத்திவிட்டாள் என்று முடிவு செய்து, "அக்கா, பெரிய மனசு பண்ணுங்க, இந்த வயசுல எங்க போவாரு" என்று பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். சித்தி மறுக்கவில்லை, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பையில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரிவதற்குள் புறாக்களுக்குத் தெரிந்துவிட்டது.

எட்டாவது வாரம், நான் இரண்டு என்று சொல்லியும் எடையை ஐந்து கிலோவாகக் குறைத்தாய். நம்பரைத் தாண்டி மனுஷனைப் பார்க்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்தே மனசு உறுத்துகிறது. நேற்று நீ, "உங்க நம்பரெல்லாம் அழகா வந்திருக்கு சித்தப்பா, அடுத்த வெள்ளிக்கிழமை சார்கிட்ட முதல்ல உங்களதுதான் காட்டப் போறேன்" என்றாய். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பொய்யை நம்பி நீ நாளைக்கு ஒரு மீன்காரம்மாவின் தோளுக்குத் தப்பான சுமையைச் சொல்லிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? ஆகவே அம்மா, நான் சொன்ன நம்பர் அத்தனையும் பொய். உண்மையான வலி ஏழு. பதினேழாம் நம்பரை அடித்துவிடு. எல்லாம் உன் மேல் இருக்கிற பிரியத்தில் செய்தது, வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

நீ பட்டம் வாங்கி, வாசலில் பலகை மாட்டி, நாலு பேரை நொண்டாமல் நடக்க வைத்து நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

குற்றமுள்ள சித்தப்பா,
தயாளன்.

பி.கு.: வெண்ணிலா, சித்தி துர்கா எழுதுகிறேன். கவரில் விலாசம் எழுதக் கொடுத்தார், படித்துவிட்டேன். எதையும் அடிக்காதே. முதல் வாரத்திலிருந்தே அவர் சொன்ன நம்பரை நான் ஒரு தடவைகூடப் போடவில்லை. காலையில் அவர் நடக்கிற சத்தத்தை அடுப்படியிலிருந்து கேட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் நொண்டுவதையும் பார்த்து, எட்டு, ஏழு, அரிசிப் பை சமயத்தில் மறுபடியும் எட்டு என்று நான்தான் போட்டேன். அதைப் பார்த்துத்தான் நீ எடையைக் குறைத்தாய். இப்போது சொல்கிற ஏழும் பொய், பயத்தில் கூட்டிச் சொல்கிறார். போன வாரத்திலிருந்து மூன்றுதான். நோயாளியே சொல்ல வேண்டும் என்று ஃபாரத்தில் போட்டிருப்பதைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷனுக்கு எங்கே வலிக்கிறது என்று அவரைக் கேட்டு நான் தெரிந்துகொண்டதே இல்லை. அது தப்பென்றால் சத்தியநாதன் சார் வீட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.