ஒரு தடவை அடித்தால் ஆமாம்

காலை ஐந்து நாற்பதுக்கு என் வண்டி ஹாரன் அடித்தது. சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது.

மழை விட்டிருந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பிக்கப்பில் யாரும் இல்லை. வைப்பர் இரண்டு முறை ஆடி நின்றது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன, திறந்துகொண்டன, மறுபடி பூட்டிக்கொண்டன. பேட்டரி வயரைக் கழற்றினேன். அடங்கியது. மாட்டினேன். அடித்தது. பேட்டரி இல்லாமல் வேலை செய்யாத ஆவி என்ன ஆவி என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நான் குழாய் வேலை செய்பவன். இருபத்திரண்டு வருட அனுபவம். சுவரில் கை வைத்தே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிரிக்க உதவும்.

"என் தங்கச்சியைக் கூப்பிடட்டுமா?" என்று மனைவி கேட்டாள். அவள் தங்கை ஒரு பட்டறையில் வண்டி எலக்ட்ரீஷியன்.

"அவ சின்னப் பொண்ணு. பல்பு மாட்டுவா. இது வேற விஷயம்."

சின்னப் பெண்ணுக்கு முப்பத்தொரு வயது.

எதிர்வீட்டுத் தையல்காரர், ஆவிகளோடு பேசுகிற ஆவிக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன் கண்ணாடியின் ரப்பரை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு மூலையில் விரல் உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டார். கதவைத் திறந்து தரைவிரிப்பைத் தொட்டார். ஈரம். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். வண்டியின் மனதைப் படிக்கிறார் என்று எனக்குப் புல்லரித்தது.

"செகண்ட் ஹேண்டா?"

"ஆமாங்க."

"முதல் ஓனர் செத்துட்டார். அவர்தான் உள்ள இருக்கார்."

ஆடிப்போனேன். முதல் ஓனரின் எண் என் போனில்தான் இருந்தது. கூப்பிட்டுக் கேட்கவில்லை. செத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது இல்லையா?

"ஒரு வாளித் தண்ணி, ரெண்டு கை உப்பு கொண்டாங்க. ஆவிக்கு உப்பு பிடிக்கும்."

உப்புக்கு நானே சமையலறைக்கு ஓடினேன். அவர் கரைத்தார், முணுமுணுத்தார், ஒரு குவளை மொண்டு கண்ணாடியின் அதே மூலையில் ஊற்றினார்.

"நூறு வரைக்கும் எண்ணுங்க. எழுந்து வர நேரம் ஆகும்."

எண்பத்தேழில் ஹாரன் அடித்தது. தையல்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே கேள்வி கேக்கலாம். ஒரு தடவை அடிச்சா ஆமா. ரெண்டு தடவை அடிச்சா இல்ல."

"மூணு தடவை அடிச்சா?"

"கேள்வி சரியில்ல."

மூன்றாம் நாள் தெரு அடைத்துக்கொண்டது. தையல்காரர் தைப்பதை விட்டுவிட்டு டோக்கன் கொடுத்தார். ஒரு கேள்விக்கு ஒரு கவர். கவர் ஆவிக்காரரின் பைக்குள் போனது. வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மாற்றல் கிடைக்குமா என்று கேட்டார். மூன்று ஹாரன். வீட்டுக்குப் போய்க் கேள்வியைத் திருத்தி எழுதிக்கொண்டு மறுநாள் வந்தார். ஒருவருக்கு ஹாரனே அடிக்கவில்லை, வைப்பர் மட்டும் ஆடியது. அது 'வேண்டாம்' என்று கையசைப்பதா, 'வா' என்று கூப்பிடுவதா என்று இரண்டு கட்சி பிரிந்து சண்டை போட்டது.

நான் வேலைக்குப் போகவில்லை. நாற்காலி போடவே நேரம் சரியாக இருந்தது. வீட்டில் மேல்தளம் ஒழுகுகிறது, நிற்குமா என்று ஒருவர் என் வண்டியிடம் கேட்டார். ஒரு ஹாரன். பக்கத்தில் பைப் ரென்ச்சோடு நின்ற நான், "ஆமான்னு சொல்லிடுச்சு. கவலைப்படாமப் போங்க" என்றேன். அவர் கும்பிட்டார். அந்த வீடு இன்னும் ஒழுகுகிறதாம்.

எட்டாம் நாள் ஆவிக்காரர் என்னைத் தனியாக அழைத்தார்.

"ஆவி வண்டியை விட்டுப் போகாது. வண்டிதான் உங்களை விட்டுப் போகணும். நாளைக்குச் சாவியையும் ஆர்.சி. புக்கையும் குடுத்துடுங்க. பாரத்தை நான் சுமக்கறேன்."

"வண்டி இல்லாம நான் எப்படிங்க பொழைக்கறது?"

"நான் எதுக்கு? அதுகிட்டயே கேட்டுருவோம்."

ஊற்றினார். எண்ணினோம். ஒரு ஹாரன். போகிறேன் என்று வண்டியே சொன்ன பிறகு நான் யார் தடுக்க? அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மனைவி தாளைப் படிக்கவில்லை. என் முகத்தைப் படித்தாள்.

"இருபதடிக் குழாயைத் தலையில வெச்சுக்கிட்டு நடக்கப் போறீங்களா? ஏங்க, அந்த வண்டிதாங்க நமக்குச் சோறு!"

இம்முறை என்னிடம் அனுமதி கேட்காமல் போனை எடுத்தாள்.

மறுநாள் மச்சினி வந்தாள். வரிசையில் நின்றாள். டோக்கன் எண் நாற்பத்தொன்று. என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. அவள் முறை வந்தது.

"என்னம்மா கேள்வி?" என்றார் ஆவிக்காரர்.

"கேள்வி அப்புறம். முதல்ல இதை ஒட்டிக்கறேன்."

பெரிய பாலித்தீன் தாள் ஒன்றைக் கண்ணாடி மேல் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினாள்.

"ஆவிக்கு மூச்சு முட்டும்!"

"செத்தவருக்கு எதுக்குங்க மூச்சு? ஊத்துங்க."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றினார். நூறு ஆனது. இருநூறு ஆனது. எண்ணிய தையல்காரருக்குத் தொண்டை கட்டியது. முந்நூறிலும் வண்டி வாயைத் திறக்கவில்லை.

"நம்பிக்கை இல்லாத ஆள் பக்கத்துல நின்னா அது பேசாது" என்றார் ஆவிக்காரர்.

"அப்ப நம்பிக்கை இருக்கற நீங்க தள்ளி நில்லுங்க. இல்லாத நான் ஊத்தறேன்."

பாலித்தீனைக் கிழித்தாள். அதே வாளி, அதே மூலை. மந்திரத்துக்குப் பதிலாக ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னாள். முடித்துவிட்டு எட்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள்.

"முதல் ஓனர் செத்துட்டாரா?" என்று நடுவில் கேட்டாள்.

எட்டெட்டு அறுபத்துநாலில் ஹாரன் அடித்தது. ஒரே தடவை.

"செத்துட்டாராம். மாமா, போனைக் குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டாள். செத்தவர் மூன்றாவது மணியிலேயே எடுத்தார்.

"யாரு? சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ஓ, பிக்கப்பா! நல்லா ஓடுதா? மழை பெஞ்சா கண்ணாடி ஓரத்துல ஒழுகும். சொல்ல மறந்துட்டேன்."

எல்லாரும் போனையே பார்த்தார்கள். ஆவிக்காரர் மட்டும் மும்முரமாகச் செருப்பைத் தேடினார். ஒரு செருப்பின் மேல் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"கவரெல்லாம் வெச்சுட்டுப் போங்க" என்றார் தையல்காரர்.

"மாமா கையெழுத்துப் போட்ட தாளையும்" என்றாள் மச்சினி.

இரண்டையும் வைத்தார். ஒற்றைச் செருப்போடு போனார்.

அவள் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைத் திறந்தாள். நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தாள். முள் முள்ளாக இருந்த பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. தண்ணீர் சொட்டியது.

"பாடி கண்ட்ரோல் மாட்யூல். ஹாரன், விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு எல்லாத்துக்கும் மூளை இதுதான். வெறும் மழைத் தண்ணின்னா துடைச்சுக் காயவெச்சுப் பொழைக்க வெச்சிருப்பேன். உப்புத் தண்ணி கரண்ட்டை நல்லாக் கடத்தும், இந்தப் பின்களையும் அரிச்சுடும். இனிமே புதுசுதான் போடணும். யாரு உப்புக் கொண்டாந்தது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புது மாட்யூலோடு வந்தாள். கண்ணாடி ரப்பரை மாற்றினாள். மாட்யூலைப் பொருத்தினாள். மடிக்கணினியை இணைத்து வண்டியின் எண்ணையும் இரண்டு சாவிகளையும் அதில் பதிந்தாள். அது பதியாவிட்டால் வண்டி சாவியையே அடையாளம் தெரியாது என்று நிற்குமாம். என் நிலைமையும் அப்படித்தான் இருந்தது. பல்பு மாட்டுகிறவள் என்று நான் சொன்னது அவள் காதுக்குப் போயிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"ஊத்துங்க மாமா."

ஒரு வாளி முழுக்கக் கண்ணாடியில் கவிழ்த்தேன். நூறு எண்ணினேன். வண்டி வண்டியாக நின்றது.

வங்கி அம்மா வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே பேசாதா? எனக்கு மாற்றல் கிடைக்குமா, கிடைக்காதா?"

மச்சினி கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது நாளா ஊரே கூடி அத்தனை கேள்வி கேட்டீங்க. ஊத்தற தண்ணி எங்க போகுதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா, குழாய்க்கார மாமா?"