சுருட்டையின் வயிற்றில் எட்டு உண்ணி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், இவர், பாப்பா, நீ என்னிடம் விட்டுப்போன உன் நாய் சுருட்டை, நால்வரும் சுகம். அங்கே நீயும், உன் புது வேலையும், நாய் கூடாது என்று சொல்லி வீடு கொடுத்த அந்த வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக வீட்டுக்காரர் தீர்க்காயுசாக இருந்து, தன் பேரப்பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டு அழுவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

நேற்று வீடியோவில் சுருட்டை காதைச் சொறிவதைப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தை இருக்கிற வீட்டுல உண்ணி நாயை வெச்சுக்கிட்டு என்னடி பண்ற? ஞாயித்துக்கிழமை நாய் விடுதியிலேருந்து ஆள் வருவான், பேசாம குடுத்தனுப்பு" என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அந்த ஆள் வர வேண்டாம். இந்த வீட்டில் இன்றைய தேதிக்கு ஓர் உண்ணிகூடக் கிடையாது. நான் எப்படிச் சமாளித்தேன் என்று முழுக்கச் சொன்னால் நீயே ஒத்துக்கொள்வாய்.

போன வாரம் அவன் இடது காதுக்குப் பின்னால் ஒன்று இருந்தது உண்மைதான். சாம்பல் நிறம், மிளகு அளவு, ரத்தம் குடித்து உப்பிப்போய்க் கிடந்தது. இது கடித்தால் நாய்க்குக் காய்ச்சல் வரும், சோறு தண்ணீர் இறங்காது, அசட்டையாக விட்டால் உயிருக்கே வினையாகிவிடும் என்று எனக்குத் தெரியும் என்பதால் பதறினேன். பதறினாலும் நிதானம் தவறவில்லை. கீழ்வீட்டு வக்கீல் மாடிப்படியில் நின்றபடியே, "எண்ணெயை ஊத்தும்மா, மூச்சு முட்டித் தானா விழுந்துடும்" என்று அடித்துச் சொன்னார். சாட்சியே விசாரிக்காமல் அரை பாட்டிலை ஊற்றிவிட்டேன். உண்ணி அசையவில்லை. சுருட்டை அசைந்தான். ஒரே உதறல்! சுவர், திரைச்சீலை, பாப்பாவின் தலை, வெயிலுக்கென்று எங்கள் பால்கனிக் கொடியில் போட்டிருந்த வக்கீலின் வெள்ளைச் சட்டைகள், ஒன்று மிச்சமில்லை. பாப்பா தவழவே இல்லை, வழுக்கியே சமையலறை வரை போய்ச் சேர்ந்தாள், அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். "என்னம்மா இது, நாளைக்கு நான் கோர்ட்டுக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறது?" என்று வக்கீல் கத்தினார். "நீங்க சொன்ன எண்ணெய்தான் சார்" என்றேன். வழக்கு அங்கேயே தள்ளுபடி.

அந்த உண்ணியைக் கால்நடை டாக்டரம்மாதான் எடுத்தார். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், முறுக்காமல், நேராக இழுக்க வேண்டுமாம். எண்ணெய், தீக்குச்சி எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாதாம். மாதம் ஒருமுறை பிடரியில் விடச் சொல்லி மருந்து கொடுத்தார். அது காயும்வரை பாப்பா அவனைத் தொடக் கூடாது. எல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தேன். அன்றாடம் காது, அக்குள், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு என்று சீப்பு வைத்து வாரினேன். அவன் படுக்கும் துணியைக் கொதிக்கிற வெந்நீரில் போடும்போது, சந்தேகத்துக்கு இடம் வேண்டாமென்று இவருடைய வேலைச் சட்டையையும் சேர்த்துப் போட்டேன். இப்போது அதை மாட்டிக்கொண்டு இவர் கை தூக்கினால் தொப்புள் தெரிகிறது. முந்தாநாள் இவர் குப்புறப் படுத்துத் தூங்கும்போது முதுகில் கறுப்பாக ஒன்றைப் பார்த்து, இடுக்கியால் நேராகத்தான் இழுத்தேன். "ஐயோ, அது மச்சம்டி! பொறந்ததிலேருந்து இருக்கு!" என்று எழுந்து உட்கார்ந்தவர், அதிலிருந்து சட்டையைக் கழற்றுவதே இல்லை.

இன்று காலைதான் பெரிய சோதனை. சுருட்டையை மல்லாத்திப் போட்டு வயிற்றைத் தடவினேன். ஒன்று தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. ரோமத்தை விலக்கினால், அக்கா, எட்டு! பக்கத்துக்கு நான்கு, எதிரும் புதிருமாக, அளவெடுத்தாற்போல் வரிசை கட்டி நிற்கின்றன. இவ்வளவு ஒழுக்கமான உண்ணிக் கூட்டத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. முதலாவதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். சுருட்டை போட்ட சத்தத்தில் வக்கீல் மேலே ஓடிவந்தார். இவன் அவர் கால் நடுவே புகுந்து தெருவுக்கு ஓடினான். பாப்பாவை இடுப்பில் இடுக்கி, அவனைப் போர்வையில் சுருட்டிப் பிடித்து, டாக்டரம்மாவின் மேஜையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

"கூட்டமா வந்துடுச்சு டாக்டர். எல்லாம் தலை உள்ள போயிடுச்சு, இழுத்தா வரல."

அவர் சுருட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாலுக்காக என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தார்.

"என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"விலங்கியல். முதல் வகுப்பு."

"இது உண்ணி இல்லம்மா. முலைக்காம்பு."

"இது ஆம்பளை நாய் டாக்டர்!"

"ஆம்பளைக்கும் இருக்கும்."

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

கிளிக்கூண்டோடு காத்திருந்த ஒரு பெரியவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நீயும் சிரி. பத்து மாதமாகப் பால் கொடுப்பவளுக்கு அடையாளம் தெரியவில்லையா என்பாய். கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் கரப்பான்பூச்சியும் தவளையும். அவற்றுக்கு அது கிடையாது. இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தலை முதல் வால் வரை தேடியும் உண்ணி என்று ஒன்று கிடைக்கவில்லை. டாக்டரம்மாவே கை வைத்துப் பார்த்து, கிள்ளிய இடத்துக்கு மட்டும் களிம்பு கொடுத்தனுப்பினார்.

ஆகவே ஆளை அனுப்பாதே. இதை நான் எனக்காகச் சொல்லவில்லை. பகலெல்லாம் அவன்தான் என் பின்னாலேயே சுற்றுகிறான், நான் பேசுவதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறான். புது இடத்தில் விட்டால் ஏங்கிப்போய்விடுவான். எனக்கொன்றும் இல்லை. குழந்தை, நாய், வீடு மூன்றையும் ஒற்றைக் கையால் பார்த்துக்கொள்கிறேன். யாரும் வந்து உதவத் தேவையில்லை.

வேளைக்குச் சாப்பிடு. அத்தானைக் கேட்டதாகச் சொல். பாப்பா உனக்கென்று கொடுத்த எச்சில் முத்தம் இந்தக் காகிதத்தின் மூலையில் இருக்கிறது, மை கலைந்திருந்தால் அதுதான் காரணம்.

இப்படிக்கு,
எதையும் சமாளிக்கும் உன் தங்கை.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சுருட்டை வந்து என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்தான். சும்மா தடவிக்கொடுத்தேன். முன்னங்கால் விரலிடுக்கில் ஒன்று. நிஜ உண்ணி, விளக்கைக் கிட்டே பிடித்து அதன் எட்டுக் கால்களையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். தோலை ஒட்டிப் பிடித்து ஒரே இழுப்பு, தலையோடு முழுசாக வந்துவிட்டது. அவன் முனகக்கூட இல்லை. சின்னப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு மூடி, "பாத்தியா!" என்று திரும்பினேன். பாப்பா தூங்குகிறாள். இவருக்கு ராத்திரி வேலை. கீழே வக்கீல்கூட விளக்கை அணைத்துவிட்டார். கடைசியில் சுருட்டையிடமே காட்டினேன், முகர்ந்துவிட்டுத் தும்மினான். அதனால், மேலே உண்ணி இல்லை என்று எழுதியதையும், எனக்கொன்றும் இல்லை என்று எழுதியதையும் நீயே அடித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வேண்டாம். நீ வா. புட்டியைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன்.