நடுவரின் கால் வலிக்கவில்லை

உபசரிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு நகரமாட்டார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டு, பதில் வரும்வரை மனிதரை நிம்மதியாக விழுங்கக்கூட விடமாட்டார்கள். இந்த வியாதி எனக்கு முற்றியிருந்த காலத்தில்தான் திருவண்ணாமலையில் ஒரு ஹோட்டலில் உதவி மேனேஜராக இருந்தேன். (வைத்தியம் பார்க்க வேண்டிய ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.)

முதலாளி கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை வியாபாரத்தில் சம்பாதித்தவர். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. ஹோட்டலின் மேல்மாடியில் ஏசி போட்டு, சுழல் நாற்காலிகள் வாங்கி, பெரிய கான்பரன்ஸ் ஹால் ஒன்றைக் கட்டினார். சென்னைக் கம்பெனிகள் வந்து கூட்டம் நடத்தும் என்பது அவர் கனவு. பௌர்ணமிக்கு அறைகள் நிரம்பின. ஹால் மட்டும் நிரம்பவே இல்லை. ஒரே ஒரு முறை இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் வந்து கூட்டம் நடத்தினார்கள். போகும்போது முதலாளி தலையிலேயே ஒரு பாலிசியைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் ஹோட்டல்காரர்கள் சங்கம் ஒன்று, சிறந்த ஹோட்டலுக்கும் சிறந்த கூட்ட அரங்குக்கும் விருது கொடுப்பது தெரியவந்தது. முதலாளி விண்ணப்பித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த தபா ஷீல்டு வந்துச்சுன்னா நீதான் மேனேஜர். வரலைன்னா ஹால்ல மல்லாட்டை மூட்டையை அடுக்கிடுவேன். மூட்டைக்கு உதவி மேனேஜர் எதுக்கு? நீயே யோசிச்சிக்கோ."

நான் யோசித்தேன். அதுதான் வினை.

நடுவர் சென்னையிலிருந்து ஒரு பங்குனி மாதக் காலையில் வந்தார். அறுபதைத் தாண்டியவர், பளபளக்கும் ஷூ, அதிகம் பேசாதவர். ஒரு ஹோட்டலின் சிறப்பை ஒரு மனிதர் எப்படி அளக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அப்படி ஓர் ஆசை. நிழல் மாதிரி பின்னாலேயே போனேன். கதவின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். டவலை முகர்ந்தார். கட்டில் மேல் உட்காராமல் அதன் அடியில் குனிந்து பார்த்தார். (நானும் குனிந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அவர் எதைப் பார்த்தார் என்று இன்றுவரை தெரியாது.) ஹாலில் ஒவ்வொரு மூலையிலும் போய் நின்று மெதுவாக இருமினார். முன்வரிசைச் சத்தம் கடைசி வரிசை வரை எட்டுமா என்று பார்க்கிறாராம். இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது "ம்" மட்டும்தான்.

கடைசியாக எங்கள் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். அதன் பெயர் பாத சேவை. கிரிவலம் முடித்து வருகிறவர்களை உட்காரவைத்து, வெந்நீரில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் காலை ஊறவைப்போம். கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்பார்கள். அந்த "அப்பாடா" ஒன்றுக்கே ஷீல்டு தரலாம்.

நடுவர் காலை விட்டார். எடுத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எனக்குக் கால் வலிக்கலையே?"

நியாயமான பேச்சு. பசிக்காதவனுக்குப் பரிமாறி என்ன பயன்? அப்படியானால் முதலில் கால் வலிக்க வேண்டும். கணக்கு எனக்குச் சுத்தமாக விளங்கிவிட்டது.

"சார், இவ்ளோ தூரம் வந்துட்டு கிரிவலம் போகாம போலாமா? சும்மா ஒரு நடை."

அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப நாள் ஆசையாம். வரவேற்பு மேசையில் இருந்த சுமதி என்னைத் தனியே இழுத்தாள்.

"சார், உச்சி வெயில்ல யாராச்சும் போவாங்களா? போறதுன்னா ஷூவோடயாச்சும் இட்டுனு போங்க."

"ஷூ போட்டா கால் எப்படிம்மா வலிக்கும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கம் சாலையில் மரநிழல் இருந்தவரை நடுவர் குழந்தை மாதிரி வந்தார். மலையைக் காட்டி ஏதேதோ கேட்டார். காலையெல்லாம் "ம்" என்றவரா இவர் என்று எனக்கே வியப்பு. நிழல் குறையக் குறையப் பேச்சும் குறைந்தது. பிறகு அவர் நடக்கவில்லை, குதித்தார். சிறுவயதிலிருந்து வெறுங்காலில் சுற்றிக் காய்த்துப்போன என் பாதங்களுக்கு அதன் காரணம் சட்டென்று உறைக்கவில்லை.

"தம்பி, திரும்பிடலாமா?"

"பாதி வந்துட்டோம் சார். எப்படிப் போனாலும் ஒரே தூரம்தான்."

ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. நான் வேண்டாம் என்று கையசைத்து அனுப்பிவிட்டேன்.

"ஆட்டோவுல போனா புண்ணியம் கிடைக்காது சார்."

"எனக்குப் புண்ணியம் வேணாம் தம்பி. ஆட்டோ வேணும்."

அதற்குள் ஆட்டோ போய்விட்டது. அடி அண்ணாமலையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"ஏம்பா, பெரியவர இந்த வெயில்ல வெறுங்கால்ல இட்டுனு வந்திருக்கியே, உங்க அப்பாவா?"

"இல்லம்மா. ஜட்ஜு."

"ஜட்ஜய்யாவா! உனக்கு என்ன தண்டனை குடுத்தாரு, இப்படிப் பழி வாங்குற?"

அந்த அம்மாவே நடுவரைச் சாக்கின் மேல் உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, நடுரோட்டில் நின்று ஓர் ஆட்டோவை மறித்து ஏற்றிவிட்டார். எனக்கு இளநீர் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் மூளையுள்ள எவனும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். நான் ஹோட்டலுக்குப் போன் போட்டேன். "வெந்நீர் ரெடியா இருக்கட்டும். உப்பு கம்மியா போட்டுடாதீங்க."

சத்தியமாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது கால் வலிக்கிறது அல்லவா? முதலாளி சால்வையோடு வாசலில் நின்றார். போட்டோகிராபர் தயார். சுமதி மட்டும் நடுவரின் பாதத்தைப் பார்த்துவிட்டு, "சார், வேணாம் சார், கொப்புளம்..." என்று ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் நான் பக்தியோடு அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்துத் தொட்டியில் வைத்துவிட்டேன்.

உடைந்த கொப்புளம். வெந்நீர். கல்லுப்பு.

அவர் போட்ட அலறல் மேல்மாடி ஹாலில் கடைசி வரிசை வரை கேட்டதாக, அங்கே நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். போட்டோகிராபர் பழக்க தோஷத்தில் கிளிக் செய்துவிட்டார். முதலாளி கையிலிருந்த சால்வை தொட்டிக்குள் விழுந்தது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். வியாதி விடவில்லை.

"இப்ப எப்படி சார் இருக்கு?"

நடுவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "என் ஷூ எங்க?" என்றார்.

ஷூ கொண்டுவந்தோம். கால் உள்ளே போகவில்லை. டாக்டரிடம் காட்டி, இரண்டு கால்களுக்கும் கட்டுப் போட்டு, முதலாளியின் காரிலேயே சென்னைக்கு அனுப்பினோம். ஷூ அவர் மடியில் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலைக்காக மட்டும் அல்ல. மலையைக் காட்டி ஆசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்த மனிதரை இப்படி அனுப்பிவிட்டோமே என்று.

ஷீல்டு வேறு ஊருக்குப் போனது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. கட்டிய நாளிலிருந்து முதல் முறையாக எங்கள் கான்பரன்ஸ் ஹால் நிரம்பியது. மல்லாட்டை மூட்டைகள் வரிசையாக, ஒழுங்காக, ஒரு குறையும் சொல்லாமல் அமர்ந்திருந்தன. நான் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். (அங்கே எல்லாரும் உட்கார்ந்துகொண்டே போகிறவர்கள்.) இரண்டு வருடம் கழித்து சுமதியைக் கல்யாணம் செய்துகொண்டேன். இவனைத் தனியே விட்டால் ஆபத்து என்றுதான் சம்மதித்தேன் என்று எல்லாரிடமும் சொல்கிறாள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டம். கிரிவலம் முடித்து வருகிறவர்களிடம் "கால் வலிக்குதா?" என்று ஊரே கேட்கும். எங்கள் வீட்டில் அதைக் கேட்க எனக்கு மட்டும் தடை. போன பௌர்ணமிக்கு மச்சான் நொண்டிக்கொண்டே வந்து சோபாவில் விழுந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன்தான் விவரம் தெரியாமல், "மாமா, கால் உயிர் போவுது. கொஞ்சம் வெந்நீர்..." என்றான்.

நான் முழுதாக எழுந்து நிற்பதற்குள் என் மகள் சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்: "அம்மா, உப்பு டப்பாவை ஒளிச்சு வை! அப்பா எழுந்துட்டாரு!"