அனுமதி கொடுத்தவருக்கு அனுமதி இல்லை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஓர் எழுத்தர் இருந்தாள். அலுவலகத்தில் அவளைக் கம்ப்யூட்டரம்மா என்பார்கள். எந்தத் தெருவில் குழாய் வறண்டது, யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று நொடியில் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். "யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம், எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது" என்று போட்டு இணையத்தில் பொதுவாக வைத்தாள். அவளுடைய அலுவலகமும் எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் புகார்கள் மளமளவென்று தீர்ந்தன.

அரசாங்க வேலை இவ்வளவு சுலபமாக நடப்பது மேலிடத்துக்கு உறுத்தியது. பதிப்புரிமைச் சரிபார்ப்பு அதிகாரி கோப்பும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"இது யாரோட சொத்து?"

"நான் எழுதினது சார். எல்லாருக்கும் சும்மாதான் குடுத்திருக்கேன்."

"நம்ம அலுவலகத்துக்குன்னு தனியாப் போட்டிருக்கா?"

"எல்லாருக்கும்னா நமக்கும்தானே சார்?"

"அப்படி நாமளா அனுமானிக்க முடியாதும்மா. சரி, இந்த அனுமதி வாசகம்? இதுவும் நீங்க எழுதினதா?"

"இல்ல சார், அது வழக்கமாப் போடுறது. வேற ஒருத்தர் மென்பொருள்லேருந்து எடுத்தேன்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ஆக, நகல் எடுக்க அனுமதி குடுக்கிற வாசகத்தையே அனுமதி இல்லாம நகல் எடுத்திருக்கீங்க!"

அன்று மாலையே, மேற்படி மென்பொருளின் பயன்பாடு மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. புகார்கள் பழையபடி நோட்டுக்குப் போயின. ஒரே மாதத்தில் பதினோரு தெருக்களில் தண்ணீர் இல்லை. பன்னிரண்டாவது, கம்ப்யூட்டரம்மாவின் தெரு. "அந்த ஆபீஸ்லதானே குப்பை கொட்டுறே, ஒரு குடம் தண்ணிக்கு வழி இல்லியா?" என்று நாத்தனார் காலிக் குடத்தை நடுக்கூடத்தில் நங்கென்று வைத்தாள். கம்ப்யூட்டரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு ஒரு நிறுவனத்திடமிருந்து, முறைப்படி, முத்திரையோடு புது மென்பொருள் வந்தது. கம்ப்யூட்டரம்மா திறந்து பார்த்தாள். அவசரத்தில் அவள் "புகார் தீர்ந்தது" என்பதை "புகார் தீந்தது" என்று அடித்திருந்த பிழைகூட அப்படியே இருந்தது. அவள் பெயர்தான் இல்லை.

"சார், இது என்னோடது! பேரை மட்டும் தூக்கிட்டாங்க!"

அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "திறந்ததும் நாற்பது பக்கம் ஒப்பந்தம் வந்துதே, எல்லாம் அதுல தெளிவா இருக்கும்மா. 'ஏற்கிறேன்'னு அழுத்தித்தானே நீங்களும் உள்ளே வந்தீங்க?"

அவள் அழுத்தியது உண்மைதான்.

"அதுல என்ன சார் போட்டிருந்துது?"

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் அழுத்திட்டு வந்தவன்தாம்மா."

இருவருமாக அதைத் தேடினார்கள். ஒப்பந்தத்தைப் படிக்க ஒரு பொத்தான் இருந்தது. தொட்டதும், படிப்பதற்கான நிபந்தனைகள் என்று இன்னொரு நாற்பது பக்கம் விரிந்தது. அடியில் 'ஏற்கிறேன்'.

"சட்டுனு அழுத்துங்கம்மா, அப்புறம் படிச்சுக்கலாம்" என்றார் பதிப்புரிமைச் சரிபார்ப்பு அதிகாரி.

அவள் அழுத்தினாள்.