சிங்கத்தின் மூக்கு

சிங்கத்தின் மூக்கு அவர் உள்ளங்கையில் கிடந்தது.

‘இச்சுவரில் ஆணி அடிக்காதீர்’ என்ற பலகையை மாட்டத்தான் அவர் டிரில் மெஷினை வைத்தார். சுவர் அதிர்ந்தது. வாசலுக்கு மேலே இருந்த சிங்க முகம் மூக்கை உதிர்த்துவிட்டது.

நகராட்சியில் அவரைப் ‘பாரம்பரியம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்கடைப் பிரிவிலிருந்து பாரம்பரியப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர். வளாகத்திலுள்ள பழைய கட்டிடத்தைக் காக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும், முகப்பின் தூண்களையும் இரண்டு சிங்கங்களையும் பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றார். அன்றிலிருந்து அந்தச் சுவரில் யார் சாய்ந்தாலும் முறைப்பார். நிழலுக்காக முகப்பில் தையல் மெஷின் போட்டிருந்த அம்மாவை, துணி மாட்ட ஒரு ஆணி அடித்ததற்காக எதிர்ப்பக்க வெயிலுக்குத் துரத்தினார்.

"உங்க வீட்டுச் சுவரா இது?" என்று தெருவே கேட்கும்படி கத்தியிருந்தார்.

இப்போது தையல்காரம்மா வெயிலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலை மேலிடத்துக் குழு வருகிறது. பாரம்பரியம் அறைக்குள் ஓடி, பசை எடுத்து வந்து மூக்கை ஒட்டினார். பசை வழிந்து மேலுதட்டில் வெள்ளையாக உறைந்தது.

"சிங்கத்துக்குச் சளி பிடிச்சிருக்கு போல சார்," என்றாள் எதிர்ப்பக்கத்திலிருந்து.

காது சுட்டது. கொத்தனாரை வரவழைத்தார்.

"கொஞ்சம் சிமெண்ட் வச்சா முடிஞ்சுது சார்."

"பாரம்பரியச் சிங்கத்துக்குச் சிமெண்டாய்யா வைப்பே? பழைய சுண்ணாம்பு, பழைய செங்கல் பொடி. அதுதான் முறை."

"அதுக்கு நான் எங்க சார் போவேன்?"

பின்புறம் ஒரு பாழடைந்த கொட்டகை இருந்தது. உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் இடம். "அங்க வேணுங்கற அளவுக்குச் சுரண்டிக்க," என்றார்.

கொத்தனார் பசையைச் சுரண்டினார். தாடையும் கூடவே வந்தது.

"ஏணியில நின்னு தாடை வைக்க முடியாது சார். சாரம் கட்டணும். மரம் வேணும்."

"கொட்டகைக் கூரையில இருக்கு பாரு."

கூரை இறங்கியது. சாரம் ஏறியது. ஏறும்போதே அடுத்த சிங்கத்தின் காதைத் தட்டிவிட்டது. ஆடிய சாரத்துக்கு அண்டை கொடுக்கச் செங்கல் தேவைப்பட்டது. கொட்டகையின் ஒரு சுவர் வந்தது. பிறகு இன்னொன்று.

பொழுது சாயும்போது இரண்டு சிங்கமும் முழு முகத்தோடு இருந்தன. கொட்டகைதான் சொத்தைப் பல் மாதிரி நின்றது.

"குழு பார்த்தா அசிங்கமா இருக்கும். மிச்சத்தையும் தரைமட்டமாக்கிடு," என்றார்.

அந்த இடத்தில் பூந்தொட்டிகள் வைத்தார்கள்.

காலையில் குழுத் தலைவி காரிலிருந்து இறங்கினார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. சிங்கங்களை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

பாரம்பரியத்துக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. தெருவைப் பார்த்தார். தையல்காரம்மா தைப்பதை நிறுத்தியிருந்தாள். வாய் திறந்தால் அவர் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

"மேடம், அந்த மூக்கை உடைச்சது நான்தான்," என்றார். "தாடையும் என்னாலதான். காதும். ஒரு ஆணி அடிச்சதுக்கு அந்தம்மாவை வெயில்ல விரட்டிட்டு, நான் டிரில் போட்டேன். என் மேல நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி."

கூட்டம் கூடிவிட்டது. அவர் தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவி சிரித்துவிட்டார்.

"இதுக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து நிக்கிறீங்க? இந்த முகப்பு நான் காலேஜ் படிக்கும்போது கட்டினது. பார்க்கப் பழசா இருக்கட்டும்னு சிமெண்ட் சிங்கத்தை அச்சுல வார்த்து ஒட்டினாங்க. மூக்கு போனா போகட்டும், விடுங்க. முதல்ல அந்தம்மாவை நிழலுக்குக் கூப்பிடுங்க."

பாரம்பரியம் ஓடிப்போய்த் தையல் மெஷினைத் தானே தூக்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. தூணோரமாக இறக்கி வைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. எத்தனை ஆணி வேணும்னாலும் அடிச்சுக்க."

"பரவால்ல சார், விடுங்க," என்றாள் அவள்.

நேற்றுக்குப் பிறகு இப்போதுதான் அவருக்கு மூச்சு முழுசாக வந்தது. தலைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"வாங்க சார், நாம பாதுகாக்கிற அந்தப் பழைய குதிரை லாயத்தைப் பார்ப்போம்; பின்னாடி உடைஞ்ச நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருப்பீங்களே, அதுதான்."