ஆலோசகரின் பொத்தான்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, ஆலோசகர் தம் சட்டையின் இரண்டாம் பொத்தானைத் தாமே கத்தரித்தார். சட்டை புதியது. பொத்தான் உறுதியாகவே இருந்தது. கத்தரிக்கோல் அவருடைய அக்காவினுடையது. அந்த நேரத்தில் அக்கா சமையலறையில் இருப்பார் என்ற கணக்கு மட்டும் தவறிப்போயிற்று.

"என்னடா பண்றே?" அறைவாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நூல் தளர்ந்திருக்கு அக்கா. எங்கேயாவது விழுந்து தொலைஞ்சிடும்."

"அது விழறதுக்கு முன்னாடி நீயே வெட்டிட்டியாக்கும். போன வாரம் கைப்பொத்தான். அதுக்கு முன்னாடி காலர்ப் பொத்தான். உன் சட்டைக்கெல்லாம் என்ன, முடி கொட்டற வியாதியா?"

"கடையில குடுத்துத் தெச்சுக்கறேன்."

"இப்படிக் குடு, நானே தெச்சுத் தரேன்."

"உனக்குக் கண்ணு சரியாத் தெரியாதே அக்கா."

"எனக்குக் கண்ணு ரொம்ப நல்லாத் தெரியுது. அதனாலதான் கேக்கறேன்" என்றார் அக்கா.

ஆலோசகர் பொத்தானை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சட்டையைக் கையில் எடுத்தபடி படியிறங்கினார்.

அவரை ஆலோசகர் என்று தெருவே அழைத்தது. சிறுதொழில் தொடங்குவோருக்கு ஆலோசனை கூறும் அலுவலகம் ஒன்றில் பணியாற்றி, முந்தைய ஆண்டு ஓய்வு பெற்றவர். அவருடைய சொற்படி நடந்தவர்கள் பலர் செழிப்பாக இருந்தார்கள். அவர் மட்டும் சொந்தமாக எதையும் தொடங்கியதில்லை, திருமணம் உட்பட.

ஓய்வு பெற்ற மறுவாரம், கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பதற்காக அவர் தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் நெடுங்காலமாகத் தனியே வாழ்பவர். முன்னறையில் சன்னலையொட்டி ஒரு தையல் இயந்திரம், அதன் எதிரே வருகிறவர்கள் உட்கார ஒரு மரநாற்காலி, அவ்வளவுதான் அவருடைய தொழிற்கூடம். ஆலோசகர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். சன்னல் வெளிச்சம் அந்த அம்மாளின் கைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மடிப்பைச் சரிபார்த்துச் சரிபார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினார். ஆலோசகருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, தையல்காரம்மாதான் முதலில் பேசினார்.

"சார், ஒரு சந்தேகம். வெளியில ஒரு பெயர்ப்பலகை வைக்கலாமா?"

வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆலோசகருக்கு ஒரு சொல்லில் முடிக்கும் பழக்கம் கிடையாது. எழுத்தின் அளவு, பலகையின் உயரம், தெருமுனையிலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்பதெல்லாம் விளக்கினார். மறுநாள் பலகையைப் பார்ப்பதற்காக வந்தார். அப்போது அடுத்த சந்தேகம் காத்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. அவருடைய வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ச்சியான மாதம் வேறொன்று இருந்ததில்லை.

கேடு பிறகுதான் வந்தது. "சார், ஒரு சந்தேகம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் யாராவது துணியோட வந்துடறாங்க. என்ன பண்றது?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"வீடு வேற, தொழில் வேற. முதல்ல ரெண்டையும் பிரிங்க. கடைத்தெருவுல ஒரு இடம் பாருங்க" என்றார் ஆலோசகர். நல்ல யோசனைதான். கடைத்தெருவில் இடம் கிடைத்தது. சன்னல் கிடைக்கவில்லை.

"தெக்கிறவங்களே துணி வாங்கி வெச்சு, ஆளுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா வேலை ஓடாது. முன்னால ஒரு ஆளைப் போடுங்க" என்றார் அடுத்ததாக. அதுவும் நல்ல யோசனைதான். கல்லாக்காரர் வந்தார். அவர் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுத்து ஓய்வு பெற்றவர். வரிசையைக் கண்டாலொழிய அவருக்குப் பசியெடுக்காது. மரநாற்காலி அவருக்குப் போயிற்று. கவனம் சிதறாமலிருக்க நடுவே ஒரு தடுப்பு வைக்கலாம் என்றதும் ஆலோசகரே. தடுப்புக்குப் பின்னால் தையல்காரம்மா போனார். வெளியே இயந்திரத்தின் ஓசை மட்டும் வந்தது. தடித்த துணி என்றால் ஓசை கனத்து நிதானமாக வரும்; மெல்லிய துணி என்றால் மழைத்தூறல்போல் ஓடும். இப்போது அவர் என்ன தைக்கிறார் என்று ஓசையைக்கொண்டே சொல்லுமளவுக்கு ஆலோசகர் தேறியிருந்தார்.

பொத்தான்கள் அதற்குப் பிறகுதான் விழத் தொடங்கின.

"டோக்கன் எடுங்க" என்றார் கல்லாக்காரர், அந்தத் திங்கட்கிழமை சட்டையுடன் கடைக்குள் நுழைந்த ஆலோசகரிடம்.

"கடையில என்னைத் தவிர யாருமே இல்லையே."

"அதனாலென்ன சார்? நீங்கதான் முதல்ல. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"ஒரு நிமிஷம் உள்ளே போய் அவங்களைப் பாத்துட்டு…"

"வேலை செய்யறவங்களைத் தவிர யாரும் தடுப்பைத் தாண்டக் கூடாது. விதி சார். நீங்க சொன்னதுதான்."

"எனக்குமா அந்த விதி?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுவும் நீங்க சொன்னதுதான்."

ஆலோசகர் டோக்கனை வாங்கிக்கொண்டார். அப்போது உள்ளே இயந்திரம் நின்றது.

"யாரு, சாரா? சார், ஒரு சந்தேகம்!"

கழுத்தில் அளவுநாடா தொங்க, தையல்காரம்மா வெளியே வந்தார். சட்டையை வாங்கிப் பொத்தான் இருந்த இடத்தைப் பார்த்தார். நூல்நுனியை விரலால் தடவினார். ஒருமுறை ஆலோசகரின் முகத்தையும் பார்த்தார்.

"இந்த மாதிரி சின்னச் சின்ன வேலை நிறைய வருது சார். பெரிய வேலையெல்லாம் தேங்கிப் போகுது. என்ன பண்ணலாம்?"

ஆலோசகரின் மனம் ஒன்று சொன்னது. வாய் தன் பழக்கத்தை விடவில்லை.

"சின்ன வேலைக்குன்னு தனியா ஒருத்தரை வெச்சுக்குங்க. பொத்தான், கொக்கி எல்லாம் அவங்க பாத்துக்கட்டும். உங்க கை பெரிய வேலைக்குத்தான்."

சொல்லி முடித்த பிறகே தாம் சொன்னது காதில் விழுந்தது. தையல்காரம்மா மெல்லத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் பொத்தான் தைக்க ஓர் அம்மாள் வந்துவிட்டார்.

ஆலோசகர் சோர்ந்துவிடவில்லை. பொத்தான் போனால் போகட்டும், இடுப்பளவு இருக்கிறது. அதை எடுக்கத் தையல்காரம்மாதான் வர வேண்டும். தமக்குச் சற்றும் பொருந்தாத கால்சட்டை ஒன்றை வாங்கி அணிந்துகொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடி கடைத்தெருவில் நடந்தார்.

தையல்காரம்மா நாடாவைச் சுற்றி அளவெடுத்தார். அவர் தலைமுடியில், துணியில் குறியிடும் சுண்ணக்கட்டியின் தூள் படிந்திருந்தது. அதைச் சொல்லலாமா என்று ஆலோசகர் எண்ணிக்கொண்டிருக்கையில் அவர் நிமிர்ந்தார்.

"சார், ஒரு சந்தேகம். வழக்கமா வர்றவங்களுக்குக்கூட ஒவ்வொரு தடவையும் அளவெடுக்க வேண்டியிருக்கு. நேரம் போகுது."

'போகட்டுமே' என்று சொல்ல வேண்டும் என்று ஆலோசகர் உண்மையாகவே விரும்பினார். "ஆளுக்கு ஒரு அளவு அட்டை போட்டுக் கல்லாவுல வெச்சுடுங்க" என்றார்.

கல்லாக்காரர் அப்போதே ஓர் அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினார். "முதல் அட்டை சாருக்குத்தான்" என்று பெருமையாக அறிவித்தார்.

அன்று மாலை அக்கா தேநீரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏன்டா, ஊருக்கெல்லாம் கடை திறக்க வழி சொல்றே. உன் வாயைத் திறக்க வழி தெரியலையா உனக்கு?"

"என்னன்னு அக்கா சொல்றது?"

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன், வேற வேலை இல்லைன்னு சொல்லு. இதுக்கு ஒரு பலகை எழுதணுமா?"

"சும்மா போய் எப்படி நிக்கறது? ஒரு காரணம் வேண்டாமா?"

"காரணம் இல்லாமப் போறதுதான்டா காரணம்" என்றார் அக்கா.

மறுநாள் ஆலோசகர் புதுச் சட்டையை எல்லாப் பொத்தான்களுடனும் அணிந்துகொண்டார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கடைவாசலை அடைந்ததும் தையல்காரம்மாவே எதிரே வந்தார்.

"நல்லவேளை வந்தீங்க. ஒரு சந்தேகம் சார். வயசானவங்க துணியைத் தூக்கிக்கிட்டு வரச் சிரமப்படறாங்க. பாவமா இருக்கு."

"வீட்டுக்கே ஆளனுப்பி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. தெச்சு முடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்துடலாம்" என்றார் ஆலோசகர். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அதற்குள் எங்கோ போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து வாசலில் மணியோசை கேட்டது. பெரிய பையுடன் ஒரு சைக்கிள்காரர் நின்றிருந்தார்.

"தையற்கடையிலேருந்து வரேன் சார். தெக்கறதுக்கு ஏதாவது இருக்கா? இனிமே நீங்க கடைக்கு அலையவே வேண்டாம்."

"நான் கேக்கலையே?"

"கல்லாக்காரர் முதியோர் பட்டியல் போட்டாரு. முதல் பேரே உங்களுதுதான்."

உள்ளேயிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. அது நிற்க நெடுநேரமாயிற்று.

அதன் பிறகு கடைக்குப் போக ஆலோசகருக்கு ஒரு காரணமும் எஞ்சவில்லை. அவர் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். பேருந்துகள் வந்தன, போயின. கடையில் கூட்டம் இருந்தது. தாம் சொன்ன ஒவ்வொன்றும் பிசகில்லாமல் நடப்பதை அங்கிருந்தே அவரால் காண முடிந்தது. ஆனால் பழைய முன்னறையும், சன்னலும், கைகளில் விழுந்த வெளிச்சமுமே திரும்பத் திரும்ப நினைவில் வந்தன. தெருவின் இரைச்சலில் இயந்திரத்தின் ஓசைகூட அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சைக்கிள்காரர் நிறுத்தத்துக்கே வந்தார். "சார், உங்களை அம்மா கூப்பிடறாங்க. ஏதோ சந்தேகமாம்."

கடையில் அப்போது கூட்டமில்லை. தையல்காரம்மா தடுப்பின் ஓரத்தில் நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. வேலை மிகுதி என்று ஆலோசகர் எண்ணிக்கொண்டார்.

"நகரத்தோட அந்தக் கோடியில ஒரு இடம் காலியா இருக்காம் சார். இன்னொரு கடை போடச் சொல்றாங்க. போட்டா நான் அங்கேயேதான் இருக்கணும். இங்கே வர முடியாது." சற்று நிறுத்திவிட்டு, "போடலாமா?" என்று கேட்டார்.

வாழ்நாளில் முதன்முறையாகத் தவறான ஆலோசனை ஒன்றைக் கூறிவிட ஆலோசகர் முயன்றார். வேண்டாம் என்ற சொல் நாக்குவரை வந்தது. ஆனால் தம் ஆசைக்காக ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதா? இவ்வளவு உழைத்து முன்னேறியவரைத் தாமே பிடித்திழுப்பதா?

"நல்ல இடம்" என்றார். "புதுக் குடியிருப்பு நிறைய வருது. தைரியமாப் போடுங்க."

தையல்காரம்மா ஊசி குத்திவைக்கும் பஞ்சுப்பொதியிலிருந்து இரண்டு குண்டூசிகளை உருவி வாயில் கவ்விக்கொண்டார். இனிப் பேச முடியாது. திரும்பித் தடுப்புக்குப் பின்னால் போனார். இயந்திரம் ஓடவில்லை.

ஆலோசகர் வாசலை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க சார்." கல்லாக்காரர் தமது நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. "டோக்கன் இல்லாம ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அந்த அம்மாவுக்கு இந்தக் கடையும் வேண்டாம், இன்னொரு கடையும் வேண்டாம். சந்தேகம் தீந்துட்டா நீங்க வர்றது நின்னுடுமேன்னு பயந்துதான் இத்தனை நாளா ஒண்ணொண்ணாச் சேத்துக்கிட்டே போறாங்க!"

அன்று மாலை, கடையை அடைத்த பிறகு, நால்வரும் கூடிப் பேசினார்கள்; நான்காமவர், அழைக்காமலே வந்த அக்கா. முடிவானது இதுதான்: இரண்டாம் கடை திறக்கப்படாது. இந்தக் கடையைப் பொத்தான் தைக்கும் அம்மாளும் கல்லாக்காரரும் நடத்துவார்கள். தையல்காரம்மா தம் இயந்திரத்துடன் பழைய சன்னலோரத்துக்கே திரும்புவார். மரநாற்காலியும் உடன் போகும். கல்லாக்காரருக்கு வேறொன்று வாங்கித் தரப்படும். ஆலோசகரின் பெயர் முதியோர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நாற்காலியில் உட்கார அவருக்கு எந்தக் காரணமும் தேவையில்லை. இனிமேல் யாரும் தம் பொத்தானைத் தாமே கத்தரித்துக்கொண்டு வரக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவர் தையல்காரம்மா.