இரும்பு மணிக்கட்டுக்கு ஒரு பொட்டு

உங்களுக்கு வேறு வேலை வெட்டி இல்லையா? ஒரு கிழவி ஆயுத பூஜைக்குப் போன இடத்தில் கம்பெனியையே நிறுத்தினாளாம், அதை அவள் வாயாலேயே கேட்க வேண்டுமாம். சரி, உட்காருங்கள். நான் சொல்லாவிட்டால் என் மகன் சேகர் சொல்லுவான். அவன் சொன்னால் நான் இன்னும் மோசமாகத் தெரிவேன்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கார் கதவுகளுக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தவர். விளிம்பு முழுக்க ஒரே கோடாக ஓட்டி, முடிக்கும்போது மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். பசை நூலாக இழுக்காமல் பட்டென்று அறுந்துவிடும். வீட்டில் தோசைக்கு எண்ணெய் விட்டாலும் அதே சுண்டுதான். (பாதி எண்ணெய் சுவருக்குப் போகும். ஆயுசு முழுக்க அந்தச் சுவரைத் தேய்த்தவள் நான்.)

அவர் ரிட்டயர் ஆவதற்கு முன் அங்கே ஒரு ரோபோ வந்தது. முழு ஆள் இல்லை, கை மட்டும். ஜெனிஃபர் என்ற இன்ஜினியர் பெண் இவரிடம், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பசை போடச் சொன்னாள். இவர் எப்படி ஆட்டினாரோ, அதை அப்படியே அது மனப்பாடம் செய்துகொண்டது.

அன்று வீட்டுக்கு வந்து, "என் கைய அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்டி" என்றார்.

"சாப்பிட மட்டும் கரெக்டா கை கீதே" என்றேன்.

போன வருஷம் அவர் போய்விட்டார். கை மட்டும் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் சேகர் ஒரு நாள் சொன்னான்: "அம்மா, அப்பாவோட ரோபோவ ஆயுத பூஜை முடிஞ்சதும் எடுத்துடப் போறாங்க. புதுசு வருது. அது கேமராவுல பாத்து தானே கத்துக்குமாம். யாரும் கையப் புடிச்சு சொல்லித் தர வேணாம்."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பூஜைக்கு வூட்டு ஆளுங்கள கூட்டினு போவாங்களே, என்னையும் கூட்டினு போடா. ஒரே ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

"வந்தா சும்மா நிப்பியா?"

"நான் எப்படா சும்மா நிக்காம இருந்தேன்?"

அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். (பட்டியல் நீளம்.)

மாம்பழக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன், அவர் எடுத்துக் கொடுத்தது. பூஜை முடிந்ததும் எங்களுக்காக ரோபோவை ஓட்டிக் காட்டினார்கள். தரையில் மஞ்சள் கோடு.

"தாண்டாதீங்க ஆன்ட்டி. கண்ணுக்குத் தெரியாத வெளிச்ச வேலி இருக்கு, பட்டா நின்னுடும்" என்றாள் ஜெனிஃபர்.

கை எழுந்தது. கதவுக்கு மேல் வந்து, கொஞ்சம் தயங்கி, அப்புறம் விளிம்பில் இறங்கியது. அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொள்ளும் நேரம் அது. (இரும்புக்கு எதற்குக் கண்ணாடி?)

வீட்டில் ஆயுத பூஜை என்றால் சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியில் அவர் வலது மணிக்கட்டுக்கும் ஒன்று வைப்பேன். சோறு போடுகிற ஆயுதம் அதுதானே. இந்தக் கைக்குப் பொட்டே இல்லை. அடியில் பீடத்துக்கு மட்டும் வைத்திருந்தார்கள். என் இடுப்பில் குங்குமப் பொட்டலம் இருந்தது. கை கடைசி மூலைக்கு வந்துவிட்டது. சுண்டினால் முடிந்தது, அப்புறம் பார்க்கவே முடியாது.

கால் என்னைக் கேட்கவில்லை.

ஓவென்று சைரன். சிவப்பு விளக்கு. முன்னாலும் பின்னாலும் இருந்த மிஷின்கள் வரிசையாக நின்றன. கையும் சுண்டுவதற்குள் அந்தரத்தில் நின்றதால், பசை நூலாக இறங்கி என் முந்தானையில் ஒட்டிக்கொண்டது.

அதிகாரி ஓடி வந்தார். "யாருங்க இந்தம்மா?"

சேகர் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "எங்கம்மாதான் சார்."

"உள்ள என்னம்மா பண்றீங்க?"

"பொட்டு வெக்க வந்தேன் சார். இது எங்க வூட்டுக்காரரு கை."

ஜெனிஃபர் எதையோ அணைத்துவிட்டு, பசை நூலைக் கத்தரித்தாள். "கரண்ட் இல்ல ஆன்ட்டி. சீக்கிரம் வெச்சிடுங்க."

வைத்தேன். சில்லென்று இருந்தது.

"சார், நடுவுல நின்னுடுச்சு. முதல்லேர்ந்து ஒரு தடவ ரொம்ப மெதுவா ஓட்டிப் பாத்துட்டுதான் லைன ஸ்டார்ட் பண்ணணும்" என்றாள் அதிகாரியிடம். என் பக்கம் திரும்பி, "கோட்டுக்கு வெளிய நில்லுங்க. நல்லாத் தெரியும்."

கை மறுபடி எழுந்தது, ஞாயிற்றுக்கிழமை அவர் கறிக்கடைக்கு நடப்பதுபோல் அவசரமே இல்லாமல். கண்ணாடியைத் தள்ளும் தயக்கம்கூட இப்போது நீளமாக இருந்தது. கடைசியில் மணிக்கட்டு மெதுவாகச் சுண்டியது, யாரையோ வா என்று கூப்பிடுவதுபோல். இந்தத் தடவை நான் கோட்டைத் தாண்டவில்லை.

பசை போகவே இல்லை. 'கம்பெனிய நிறுத்தின பட்டு' என்றுதான் அந்தப் புடவைக்கு எங்கள் வீட்டில் பெயர்.

அன்று மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நான் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "இன்னாக்கா பாத்த அங்க?"

"எங்க வூட்டுக்காரரத்தான் பாத்தேன். இன்னும் வேலைக்குப் போய்கினுதான் கீறாரு. ஆளு கொஞ்சம் இளைச்சிட்டாரு. ஆனா நான் கிட்ட போனதும் எல்லா வேலையும் போட்டுட்டு அப்டியே நின்னுட்டாரு. உசுரோட இருந்தப்ப ஒரு நாளாவது நின்னாரா, கேளு!"